பரவலாக்கத்தின் இரு பொருள்கள்: சென்னைப் பெருநகரின் சீரற்ற வளர்ச்சி

பெருநகர வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது 'பரவலாக்கம்' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. மக்களும் தொழில்களும் நகர மையத்திலிருந்து புறத்தே பரவுதல் ஒன்று. முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளாட்சிகளைச் சென்றடைதல் மற்றொன்று. முன்னது நிகழ்ந்தால் பின்னதும் உடன்நிகழும் என்று கருதுதல் எளிது. சென்னையின் அரை நூற்றாண்டுப் பட்டறிவு அதற்கு மாறானது. மக்கள் வெளியே பரவப் பரவ, அதிகாரம் மேலே குவிந்தது. புறநகரின் சீரற்ற வளர்ச்சியை இம்முரணிலிருந்து விளக்க இக்கட்டுரை முயல்கிறது.

மையத்தின் நெருக்கடியைக் குறைக்க 1970களிலேயே மறைமலைநகர், மணலி புதுநகர் போன்ற துணைநகரங்கள் திட்டமிடப்பட்டன. பின்னர் மொத்த விற்பனைச் சந்தை 1996இல் கோயம்பேட்டிற்குச் சென்றது. 2001–2011 காலத்தில் சென்னை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 7 விழுக்காடே உயர, காஞ்சிபுரம் மாவட்டத்தில் அது 39 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் இப்பரவலுக்கு அடித்தளமிட்ட காலத்தில், அதாவது 1973 முதல் 1996 வரை, சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. 1978இல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம் சென்றன.

மையத்தின் சுமைகளும் வெளியே சென்றன. மாநகரின் குப்பை, அப்போது மாநகராட்சி எல்லைக்கு அப்பாலிருந்த பெருங்குடியில், பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் கொட்டப்பட்டது. பழைய மகாபலிபுரம் சாலையில் தகவல் தொழில்நுட்ப வளாகங்கள் முதலில் எழுந்தன. குடிநீர்க் குழாய்கள் பின்னரே வந்தன. இடைவெளியை லாரித் தண்ணீர் நிரப்பியது.

இச்சூழலில் ஆலந்தூர் நகராட்சியின் பாதாளச் சாக்கடைத் திட்டம் தனித்துக் கருதத்தக்கது. 1990களின் இறுதியில் அந்நகராட்சி, வீட்டு இணைப்பு ஒன்றுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகையை மக்களிடமிருந்தே திரட்டி, கடனும் தனியார் பங்கேற்பும் சேர்த்து அத்திட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டியவர்கள் கேள்வி கேட்கக்கூடிய தொலைவில் நகராட்சி இருந்தது என்பதே இதில் முக்கியம். எல்லாச் சிற்றூராட்சிகளாலும் இது இயன்றிருக்கும் எனக் கூறவியலாது. ஆலந்தூர் ஓரளவு வசதியான ஊர். எனினும், புறநகர் உள்ளாட்சி திறனற்றது என்னும் பொதுக்கூற்றை இது ஐயத்திற்குள்ளாக்குகிறது.

2011இல் ஆலந்தூர் உள்ளிட்ட 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன. பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. புறநகர் மக்களின் குரல் இதனால் அமிழ்ந்தது என்பர் சிலர். எண்ணிக்கை அவ்வாறு காட்டவில்லை. அன்றைய 200 வட்டங்களுள் 107 பழைய நகருக்கும் 93 இணைந்த பகுதிகளுக்கும் கிடைத்தன. மக்கள்தொகையோடு ஒப்பிட்டால், பழைய நகரில் ஏறத்தாழ 43,000 பேருக்கு ஓர் உறுப்பினர். இணைந்த பகுதியில் ஏறத்தாழ 22,000 பேருக்கு ஒருவர். ஆகவே குறை பிரதிநிதித்துவத்தில் இல்லை. அப்பிரதிநிதியின் கைக்கு எட்டும் அதிகாரத்தில் உள்ளது. ஆலந்தூர் மன்றம் வரவுசெலவைத் தானே தீர்மானித்தது. ஆலந்தூர் மண்டலமோ மாநகராட்சியின் மண்டலங்களுள் ஒன்று. அதன் சாக்கடைக்கு இப்போது பொறுப்பேற்பது வாரியம்.

அரசமைப்பின் 74ஆம் திருத்தம் இதற்கொரு வழி வகுத்திருந்தது. 243 இசட்இ பிரிவின்படி, பெருநகரத் திட்டக் குழுவின் உறுப்பினர்களுள் மூன்றில் இரு பங்கினருக்குக் குறையாதோர் உள்ளாட்சிப் பிரதிநிதிகளால் தம்முள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நடைமுறையில் திட்டமிடல், மாநில அரசால் அமைக்கப்பட்ட சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடமே நிற்கிறது. மாநகராட்சி மன்றமும் 2016 முதல் 2022 வரை மீண்டும் காலியாக இருந்தது. அதே 2022இல் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904ஆக விரிவாக்கப்பட்டது. அரக்கோணம் பக்கத்துக் கிராமத்தின் நிலப்பயன்பாட்டு வரைபடமும் இனி அக்குழுமத்தின் பொறுப்பு. அக்கிராமத்தின் ஊராட்சித் தலைவருக்கு அதில் என்ன இடம் என்பது இன்னும் வரையறுக்கப்பட வேண்டியிருக்கிறது.