கடல் கடந்த குடும்பம்

குடும்பத்தோடு அமர்ந்து பார்த்து, பார்த்தபின் குடும்பத்தோடு அமர்ந்து பேசத்தக்க திரைப்படங்கள் மிகச் சிலவே. அச்சிலவற்றுள் ஒன்று, 1971-இல் சுவீடன் நாட்டில் வெளிவந்த 'குடிபெயர்ந்தோர்' என்னும் வரலாற்றுச் சித்திரம். வில்ஹெல்ம் மூபெரி என்னும் எழுத்தாளர் 1949 முதல் 1959 வரை நான்கு பாகங்களாக எழுதிய பெருநாவலைத் தழுவி, யான் த்ரோயெல் இதனை இயக்கினார். ஒளிப்பதிவும் அவரே, படத்தொகுப்பும் அவரே. இதன் தொடர்ச்சியான 'புதிய நாடு' 1972-இல் வெளிவந்தது. மாக்ஸ் வான் சிடோ குடும்பத் தலைவராகவும், லிவ் உல்மன் அவர் மனைவியாகவும் நடித்துள்ளனர். 1965-இல் வந்த இயேசுவின் வாழ்க்கைச் சித்திரத்தில் ஆண்டவராகத் தோன்றியவர் இதே மாக்ஸ் வான் சிடோ என்பதை நேயர் சிலர் நினைவுகூரலாம்.

கல்லும் பசியும்

கதை 1844-ஆம் ஆண்டு, தென் சுவீடனின் ஸ்மோலாந்துப் பகுதியில் தொடங்குகிறது. கார்ல் ஆஸ்கர் என்னும் இளைஞன் தந்தையின் சிறு நிலத்தை ஏற்கிறான், கிறிஸ்தினாவை மணக்கிறான். நிலமோ கல்நிலம். ஒரு கல்லைப் பெயர்த்தால் அடியில் இன்னொரு கல். ஓராண்டு மழை பொய்க்கிறது; இன்னோர் ஆண்டு இடி விழுந்து களஞ்சியம் எரிந்து போகிறது. குழந்தைகள் பிறக்கின்றன, நிலம் மட்டும் வளரவில்லை. அக்காலச் சுவீடனில் மக்கள்தொகை பெருகி, நிலங்கள் பிள்ளைகளுக்குள் துண்டு துண்டாகி, உழைப்பவனுக்கும் உணவில்லாத நிலை தோன்றியிருந்தது. அன்று தொடங்கி ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் பன்னிரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட சுவீடன் மக்கள் அமெரிக்கா சென்றனர் என்பது வரலாறு.

பசி மட்டுமே அவர்களை விரட்டவில்லை. கிறிஸ்தினாவின் மாமன் தானியேல் தம் வீட்டில் ஏழைகளைக் கூட்டி வேதம் வாசித்துச் செபிக்கிறார். அரசுத் திருச்சபையான லூத்தரன் சபையின் குருவும் காவல் அதிகாரியும் வந்து கூட்டத்தைக் கலைக்கின்றனர். கற்பனையன்று இது. குருவின்றி வீடுகளில் கூடிச் செபிப்பதைத் தடைசெய்த 1726-ஆம் ஆண்டுச் சட்டம் 1858 வரை அங்கே நடைமுறையில் இருந்தது. கத்தோலிக்கராகிய நமக்கும் இதில் தொடர்புண்டு: அதே 1858-இல், கத்தோலிக்க மறையைத் தழுவிய குற்றத்திற்காக ஆறு பெண்கள் சுவீடனிலிருந்து நாடு கடத்தப்பட்டனர். கத்தோலிக்க அரசுகளும் பிற சபையாரை இவ்வாறு நடத்திய காலங்கள் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. எவரையும் தம் மனச்சான்றுக்கு மாறாக நடக்கும்படி வற்புறுத்தலாகாது என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்ததன் அருமை, இக்காட்சியைக் காணும்போது நன்கு விளங்கும்.

ஒரு சிறுமியின் மரணம்

அமெரிக்கா செல்வோம் என்று கார்ல் ஆஸ்கர் சொல்லும்போது கிறிஸ்தினா மறுக்கிறாள். பச்சிளங் குழந்தைகளைக் கடலுக்குக் கொண்டுபோய்ப் பலியிடுவதா என்பது அவள் கேள்வி. பெற்றோரையும் பிறந்த மண்ணையும் பிரிய அவள் மனம் ஒப்பவில்லை.

பின்னர் ஒரு நாள், பசித்திருந்த மூத்த மகள் அன்னா, விருந்துக்கென வைத்திருந்த கூழை எவரும் அறியாமல் அளவின்றி உண்டுவிடுகிறாள். பட்டினி கிடந்த வயிறு அதைத் தாங்கவில்லை. வேதனையில் துடித்து இறக்கிறாள். கடலுக்கு அஞ்சி வீட்டிலே வைத்துக் காத்த குழந்தையை வீட்டிலேயே பறிகொடுத்த தாய், இப்போது தானாகவே, "போவோம்" என்கிறாள். கணவன் வாதாடி வென்ற முடிவன்று இது. துயரம் இருவரையும் ஒன்றாக்கிய முடிவு. இதனாலேயே அதன்பின் வரும் இன்னல்களில் ஒருவரையொருவர் பழித்துக்கொண்டே நில்லாமல் அவர்களால் தொடர்ந்து நடக்க முடிகிறது.

கப்பலின் அடித்தளத்தில்

மூன்று குழந்தைகளோடும், வயிற்றில் இன்னொன்றோடும், கார்ல்ஸ்ஹாமன் துறைமுகத்தில் 'சார்லோத்தா' என்னும் பாய்மரக் கப்பலில் ஏறுகிறார்கள். ஏறத்தாழ பத்து வாரப் பயணம். இருண்ட அடித்தளம், பேன், வாந்தி, கெட்டுப்போன நீர், காய்ச்சல். இறந்தவர்கள் செபத்தோடு கடலில் இறக்கப்படுகிறார்கள்; தானியேலின் மனைவியும் அவர்களுள் ஒருத்தி. கிறிஸ்தினாவும் இரத்தப்போக்கால் மரணத்தின் வாயிலைத் தொட்டு மீள்கிறாள். த்ரோயெல் இவற்றை ஆர்ப்பாட்டமின்றி, உடனிருந்து பார்த்தவர் போல் காட்டுகிறார்.

நம் உள்ளத்தை நெடுநாள் உறுத்தவல்லவள் உல்ரிகா என்னும் பெண். ஊரார் விலைமகள் என ஒதுக்கியவள். தானியேல் மட்டுமே வீட்டில் இடங்கொடுத்தவர். சிறுவயதில் அநாதையாகி ஏலத்தில் விடப்பட்டு, வளர்க்க எடுத்தவனாலேயே சீரழிக்கப்பட்டவள் அவள். அவளோடு ஒரே தளத்தில் பயணம் செய்யக் கிறிஸ்தினா கூசுகிறாள். பேன் பரவியதும் உல்ரிகாவையே குற்றம் சாட்டுகிறாள். சோதித்துப் பார்த்தால் உல்ரிகாவிடம் பேன் இல்லை, கிறிஸ்தினாவிடம்தான் இருக்கிறது! பிற்பாடு அமெரிக்க ஆற்றுப் பயணத்தில் காணாமற்போன கிறிஸ்தினாவின் குழந்தையைத் தேடிக் கொணர்ந்து தருபவளும் இதே உல்ரிகாதான். அன்று தொடங்கும் நட்பு கிறிஸ்தினாவின் இறுதிவரை நீடிக்கிறது. பரிசேயரை நோக்கி ஆண்டவர் கூறிய கண்டனத்திற்கு இதனினும் தெளிவான விளக்கவுரை வேண்டுமோ?

யாருடைய நிலம்?

1850-இல் நியூயார்க் சேர்ந்து, மின்னசோட்டா வந்து, ஓர் ஏரிக்கரையில் தனக்கான நிலத்தைக் கண்டு, மரத்தில் தன் பெயரைச் செதுக்கிவிட்டுக் கார்ல் ஆஸ்கர் அதன் நிழலில் சாய்ந்து அமர்வதோடு முதற்படம் முடிகிறது. ஆனால் அந்த நிலம் ஆளில்லாத நிலமா? இரண்டாம் படம் இக்கேள்வியினின்று தப்பி ஓடவில்லை.

தக்கோத்தா மக்கள் உடன்படிக்கைகளால் தம் நிலத்தை இழந்து, ஒரு குறுகிய பகுதிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். தருவதாகச் சொன்ன பணமும் உணவும் காலத்தில் வாராமல் பசியில் வாடி, 1862-இல் போருக்கெழுந்தனர். குடியேறிய குடும்பங்கள் பல கொல்லப்பட்டன. போர் ஒடுக்கப்பட்டபின் 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. குடியரசுத் தலைவர் லிங்கன் பெரும்பாலோர் தண்டனையைக் குறைத்தார்; எனினும் 1862 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், மன்கேட்டோ என்னும் ஊரில் 38 பேர் ஒரே மேடையில் தூக்கிலிடப்பட்டனர். இக்கொடுமையைப் படம் நேருக்கு நேர் காட்டுகிறது. அகுஸ்தீன் ராவு என்னும் கத்தோலிக்கக் குரு அவர்களிடையே இருந்து, அவர்களுள் பலருக்குத் திருமுழுக்களித்தார் என்பது வரலாற்றில் உள்ள செய்தி. பசியால் நாடு விட்டு வந்தவர்களும், வந்தவர்களால் பசிக்கு ஆளானவர்களும் ஒரே இறைவனின் பிள்ளைகளன்றோ?

அதே போர் நாட்களில் கிறிஸ்தினா இறக்கிறாள். இனியொரு கருவுறுதல் ஆபத்து என்று மருத்துவர் எச்சரித்திருந்தும், இறைவன் கையில் தன்னை ஒப்படைத்தவள் அவள். தாய்வீட்டு ஆப்பிளின் விதையைக் கடல் கடந்து வரவழைத்து நட்டு வளர்த்த மரமே அவளுக்கு எஞ்சிய தாயகம். பல்லாண்டுகளுக்குப் பின் கார்ல் ஆஸ்கர் இறந்தபோது, அச்செய்தியைச் சுவீடனுக்கு எழுதுபவர் அண்டைவீட்டுக்காரர். பிள்ளைகள் தாய்மொழியை மறந்துவிட்டனர். பிழைப்பைப் பெற்றனர், மொழியை இழந்தனர். கார்ல்ஸ்ஹாமன் நகரில் 1959-இல் நிறுவப்பட்ட சிலையில் கார்ல் ஆஸ்கர் முன்னோக்கிப் பார்க்க, கிறிஸ்தினா பின்னோக்கிப் பார்க்கிறாள். ஒரு குடும்பத்திற்கு இவ்விரு பார்வையும் தேவை.

நமக்கு

குடிபெயர்வோரின் நலன் குறித்துத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1952-இல் வெளியிட்ட ஆவணத்தில், எகிப்துக்கு ஓடிய நாசரேத்துத் திருக்குடும்பமே எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி என்றார். அவ்வாறாயின், பிழைப்புத் தேடி நம் பங்கிற்கு வந்து, கோயிலின் கடைசி வரிசையில் தயங்கி நிற்கும் குடும்பத்தை நாம் எவ்வாறு நோக்குகிறோம்? அவர்கள் ஊர் எது, சாதி எது என்று கேட்பதற்கு முன், அவர்கள் உண்டார்களா என்று கேட்கிறோமா? நம் நடுவிலும் ஓர் உல்ரிகாவை ஒதுக்கி வைத்திருக்கிறோமா?

இரு படங்களும் நீளமானவை; பொறுமையோடு பார்க்க வேண்டியவை. குழந்தையின் மரணம், போர், தூக்குத் தண்டனை முதலிய காட்சிகள் இருத்தலின் சிறுவர்க்கு ஏற்றவையல்ல. வளர்ந்த பிள்ளைகளோடு பெற்றோர் அமர்ந்து பார்ப்பது நலம். பார்த்தபின், வெளியூரிலோ வெளிநாட்டிலோ உழைக்கும் தம் வீட்டவர் ஒருவரேனும் இருப்பின், அன்றிரவுக் குடும்பச் செபத்தில் அவர் பெயரைச் சொல்லி மன்றாடுவார்களாக. தம் ஊருக்கு வந்து உழைக்கும் அயலாரின் பெயர்களையும் அதே செபத்தில் சேர்ப்பார்களாக. பெயர் தெரியாதெனில், மறுநாளே கேட்டறிவார்களாக.