கம்பத்து நிழலில் ஒரு பாடம்

நிழற்குடை இல்லாத பஸ் ஸ்டாப்பைச் சித்திரை மாதக் காலை ஒன்பதரை மணிக்குப் பாருங்கள். மின்கம்பத்தின் ஒல்லி நிழல் எங்கே விழுகிறதோ, அங்கே ஒருவர் பின் ஒருவராக ஐந்தாறு பேர் நிற்பார்கள். நிழல் நகர நகர வரிசையும் நகரும். கட்டடக்கலை (பி.ஆர்க்.) படித்த ஐந்து வருடத்தில் எந்த வகுப்பும் நகரத்தை எனக்கு இத்தனை தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை.

ஸ்டுடியோ என்னும் எங்கள் வடிவமைப்பு வகுப்பில் மனிதர்கள் கடைசியில்தான் வருவார்கள். கட்டடம் வரைந்து, மரம் வைத்து, சப்மிஷனுக்கு முந்தின இரவு கம்ப்யூட்டரிலிருந்து சில உருவங்களை எடுத்து ஒட்டுவோம். பலூன் பிடித்த குழந்தை இருக்கும், லேப்டாப்போடு ஒரு பெண் இருப்பார். பூக்கார அம்மா இருக்கமாட்டார். சைட் விசிட் என்று, கட்டடம் வரவேண்டிய இடத்துக்கு நாங்கள் போனது ஒரே ஒரு காலை.

மனிதர்களைக் கவனிக்காமல் இடம் அமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். நியூயார்க்கில் 1961-ல் ஒரு விதி வந்தது. கட்டடத்தின் முன் பொதுமக்களுக்குத் திறந்தவெளி விட்டால் கூடுதல் தளப்பரப்பு கட்டிக்கொள்ளலாம். திறந்தவெளிகள் பெருகின. ஆனால், பல வெறிச்சோடிக் கிடந்தன. ஏன் என்று பார்க்கக் கிளம்பிய வில்லியம் எச். வைட் ஒரு பத்திரிகையாளர். 1970-களில் இளைஞர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு, உயரத்தில் கேமரா வைத்து, யார் எங்கே எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று எண்ணினார். மீஸ் வான் டெர் ரோவின் சீகிராம் கட்டட முற்றத்தில் கூட்டம் இருந்தது. அங்கே படிகளும் குளத்தையொட்டிய திட்டுகளும் உட்கார வாகான உயரத்தில் இருந்தன. உட்கார வசதி இருந்தால் மக்கள் உட்காருகிறார்கள். அவ்வளவு எளிய உண்மை. பேச நிற்கும் இருவர் ஓரம் ஒதுங்குவதில்லை, நடமாட்டத்தின் நடுவிலேயே நிற்கிறார்கள் என்பதையும் அவர் கண்டார். நன்றாக அமைந்த இடங்களில் பெண்களின் விகிதம் கூடுதலாக இருந்தது. 1975-ல் அந்த நகரம் விதியைத் திருத்தி, இருக்கைகளைக் கட்டாயமாக்கியது.

அவருடைய முடிவுகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் தப்பாகும். குளிர் ஊரில் வெயிலைத் தேடி உட்காருவார்கள், நமக்கு நிழல்தான் உயிர். சென்னையில் 2019-ல் திறந்த தியாகராய நகர் பாண்டி பஜார் நடைபாதையில் பிற்பகல் மூன்று மணிக்கு நின்று பார்த்தேன். மரத்தடி இருக்கையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பத்தடி தள்ளி வெயிலில் கிடந்த இருக்கையில் ஒருவரும் இல்லை. மரத்தின் நிழல் எந்த மணிக்கு எங்கே விழும் என்று வரைபடத்தில் குறிக்காதவர் இருக்கையின் இடத்தை எப்படி முடிவு செய்ய முடியும்?

யாரும் உட்கார்ந்துவிடக் கூடாது என்று கடைப்படியில் இரும்பு முள் பதிக்கிறார்களே, அதையும் குறித்துக்கொள்ள வேண்டும். திண்ணை வைத்து வழிப்போக்கருக்கு இடம் கொடுத்த ஊரில் அந்த முள்ளைப் பார்க்கும்போது மனசு வலிக்கிறது. தள்ளுவண்டியை எண்ணாமல் விடுவதும் அதே போன்ற பிழைதான். தெரு வியாபாரிகளின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014-லேயே மத்திய சட்டம் வந்துவிட்டது. மாணவர்களின் வரைபடத்தில் அவர்களுக்கு இன்னும் இடமில்லை.

கட்டடக்கலை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்டுடியோவின் முதல் இரண்டு வாரம் மாணவர்களை வரையவிடாதீர்கள். ஆளுக்கொரு தெருமுனை கொடுங்கள். காலை ஆறு, பிற்பகல் இரண்டு, இரவு எட்டு என மூன்று வேளை, வேலைநாளிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே உட்காரச் சொல்லுங்கள். எத்தனை பெண்கள், எத்தனை முதியவர்கள், யார் எதன் நிழலில் நிற்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு வரட்டும். அதன்பிறகு பென்சிலைக் கையில் கொடுங்கள்.