கொல்லைப்புறத்துப் பூனைக்குட்டிகள்

பெங்களூரில் 1898-ஆம் ஆண்டு பிளேக் நோய் பரவியபின் விரைந்து வளர்ந்த மல்லேசுவரம், பசவனகுடி ஆகிய பகுதிகளில், வீடுகளின் பின்னே துப்புரவுச் சந்துகள் அமைந்திருப்பதைக் காணலாம். பணியாளர் வந்துபோக வகுக்கப்பட்ட இச்சந்துகள் நாளடைவில் பூனைகளின் ராஜபாட்டை ஆகிவிட்டன. அவ்வழியே வரும் தாய்ப்பூனை, யாதேனும் ஒரு கொல்லையில், பழைய மரச்சாமான்களின் பின்னோ தண்ணீர்த்தொட்டியின் அடியிலோ குட்டி ஈனுகிறது. சில வாரங்கள் கழித்து, துணி உலர்த்தச் செல்லும் நம்மை மூன்று நான்கு ஜோடிக் கண்கள் நோக்குகின்றன. ஓர் அடி எடுத்து வைத்தால் மறைந்துவிடுகின்றன. இவற்றின் நம்பிக்கையைப் பெறுவது எங்ஙனம்?

முதலில் தாயைப் பற்றி எண்ண வேண்டும். குட்டிகள் தனித்திருக்கக் கண்ட மாத்திரத்தில் அநாதைகள் என்று முடிவுகட்டி எடுத்து வந்துவிடுவோர் பலர். தாய் இரை தேடப் போயிருக்கலாம். தொலைவில் நின்று சில மணி நேரம் கவனித்தால் உண்மை விளங்கும். குட்டியை வாயால் கவ்விச் செல்லும் தாயின் செயலைக் கொண்டே வைணவப் பெரியோர் மார்ஜார நியாயம் பேசினர். நாம் அடிக்கடி எட்டிப் பார்த்துத் தொல்லை கொடுத்தாலும் தாய் அவ்வாறே குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும். (வெருகின் இளமைக்குக் ‘குட்டி’ என்னும் பெயர் உரியது என்று தொல்காப்பிய மரபியல் கூறுகிறது, ‘பறழ்’ என்றாலும் குற்றமில்லையாம். வெருகு என்பது காட்டுப்பூனை. நம் கொல்லைக்கு வருவனவும் முதல் சில நாட்களில் அந்த இனத்தைச் சேர்ந்தவை போலத்தான் நடந்துகொள்கின்றன.)

காலமும் முக்கியம். குட்டி மனிதரோடு எளிதில் பழகும் பருவம் இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரைதான். அமெரிக்காவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் என்னும் அம்மையார் இதை ஆராய்ந்தார். மூன்றாம் வாரம் முதலே மனிதர் கைபட்டு வளர்ந்த குட்டிகள் பிற்காலத்தில் மடியில் நெடுநேரம் அமர்ந்திருந்தன. ஏழாம் வாரத்தில் பழக்கத் தொடங்கியவையோ அந்த அளவு ஒட்டவில்லை. வயது கடந்த குட்டியைப் பழக்கவே இயலாது என்பதில்லை. வாரங்களில் முடியும் காரியம் மாதங்கள் பிடிக்கும். சில பூனைகள் இறுதிவரை இரண்டு முழத் தொலைவிலேயே நிற்கும். அதையும் ஒருவகை நட்பு என்று ஏற்றுக்கொள்ளலாம்.

முறை எளிது, பொறுமைதான் அரிது. நாள்தோறும் ஒரே வேளையில், ஒரே கிண்ணத்தில் உணவு வைத்துவிட்டு, பத்தடி தள்ளித் தரையில் அமர வேண்டும். நிற்கும் மனிதன் குட்டிக்கு ஒரு பனைமரம். நேராக உற்றுப் பார்த்தல் ஆகாது. கண்களைப் பாதி மூடி மெல்லத் திறத்தல் நல்லது. பூனைகளும் இதற்குக் கண் மூடியே விடை தருகின்றன என்று 2020-இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. குட்டி அச்சமின்றி உண்ணத் தொடங்கிய பின்னரே, நாளுக்கு ஒரு சாணாக அணுகலாம். சீறினால் அது கோபம் அன்று, அச்சம். அன்றைக்கு அதற்குமேல் நெருங்கலாகாது. கையை மேலிருந்து நீட்டாமல், மூக்கின் மட்டத்தில் ஒரு விரலை நீட்டிக் காத்திருந்தால், முகர்ந்து பார்த்துக் கன்னத்தை உராய்வது குட்டியின் பொறுப்பு. ஒருமுறை தாவிப் பிடித்துவிட்டால் ஒரு மாத உழைப்பு வீண்.

பாலும் சோறும் பூனைக்கு உகந்தவை என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய எண்ணம். தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் வயிற்றுப்போக்கை உண்டாக்கும். பூனைக்கு இனிப்புச் சுவையே தெரியாது என்பதையும் 2005-இல் அறிஞர் கண்டறிந்தனர். அதற்கு வேண்டியது புலால். உப்பு, வெங்காயம், பூண்டு சேராமல் வேகவைத்த கோழியோ மீனோ ஏற்றது. வெங்காயமும் பூண்டும் பூனைக்கு நஞ்சு. சைவ வீட்டார்க்கு இது சங்கடந்தான். கடையில் விற்கும் பூனைத் தீவனம் ஓரளவு கைகொடுக்கும்.

கடித்தாலோ கீறினாலோ சிறு காயம் என்று விடலாகாது. பூனையாலும் வெறிநோய் பரவும். ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

நம்பிக்கை கிட்டியபின்தான் உண்மையான பொறுப்பு தொடங்குகிறது. நான்கைந்து மாதத்திலேயே பெண்குட்டி சினைப்பட்டுவிடும். ஏறத்தாழ ஒன்பது வாரங்களில் குட்டி ஈனும். ஆகவே கையில் ஏறும் குட்டியை உரிய காலத்தில் கருத்தடை அறுவைக்கும் தடுப்பூசிக்கும் கொண்டுசெல்ல வேண்டும். இந்நகரில் ஹெப்பாளத்தில் 1958-இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி உண்டு. தனியார் மருத்துவர்களும் பலர். பழகாத பூனையைக் கூண்டிலடைத்துக் கொண்டுபோவது எத்தனை கடினம் என்பதை முயன்றவர் அறிவர்.

எம்மைப் போன்ற மத்திய அரசு ஊழியர்க்கு இன்னொரு கவலையும் உண்டு. இன்று பெங்களூர், மூன்றாண்டு கழித்து எந்த ஊரோ! மனிதரை நம்பப் பழகிய பூனை, எல்லா மனிதரையும் அவ்வாறே நம்பிச் செல்லும். பூட்டிய கதவின்முன் அதே வேளையில் வந்து அமரும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியைத் தொடர்ந்து உருவான 1960-ஆம் ஆண்டு விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், பசி தாகத்தால் துன்புறும் நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாகவே கொள்கிறது. எனவே மாற்றல் உத்தரவு வரும்வரை காத்திராமல், பக்கத்து வீட்டாரில் மனமுள்ள ஒருவரை இப்போதே உடன் அமர்த்திக்கொள்வது நலம். சில வாரங்கள் இருவரும் சேர்ந்து அமர்ந்து, பிறகு கிண்ணத்தை அவர் கையாலேயே வைக்கச் செய்து, நாம் பத்தடி தள்ளிப் போய் அமரலாம்.