நாளைக்கும் வருகிறவரின் இலை

தமிழ்நாட்டின் தீனிப் பட்டியலை யார் எழுதினாலும் மணப்பாறைக்கு முறுக்கு, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், பழனிக்குப் பஞ்சாமிர்தம், ஆம்பூருக்கும் திண்டுக்கல்லுக்கும் பிரியாணி என்று ஊருக்கு ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவார்கள். பெரம்பலூரும் அரியலூரும் வரும் இடத்தில் பேனா நின்றுவிடும். மேலே சொன்னவற்றில் முதல் நான்குக்கும் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. சமைத்த பண்டம் எதற்கும் இல்லை. அந்தப் பக்கம் சாப்பிட ஒன்றும் இல்லை என்று பலரும் முடிவு கட்டிவிடுவது இதனால்தான். திருச்சி–சென்னை நான்குவழிச் சாலையில் போகிறவர்கள் ஊருக்குள் வண்டியைத் திருப்பாமலே கடந்துவிடுகிறார்கள். ஓர் ஊரின் சாப்பாட்டை அளக்க அவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுகோலே தப்பு என்கிறேன். வெளியூர்க்காரர் வாங்கிப்போகும் பொட்டலத்தை வைத்து அளக்கக் கூடாது. உள்ளூர்க்காரர் இன்றும் நாளையும் மறுநாளும் உட்காரும் இலையை வைத்துத்தான் அளக்க வேண்டும். அப்படி அளந்தால் இந்த இரண்டு மாவட்டங்களும் யாருக்கும் சளைத்தவை அல்ல.

ஒரு பண்டம் எப்படிப் பேர் வாங்குகிறது என்று பாருங்கள். மணப்பாறை முறுக்கை ஊர் ஊராகக் கொண்டுபோனது ரயில். நிலையத்தில் வாங்கியவர்கள் மதுரையிலும் சென்னையிலும் இறங்கிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். பஞ்சாமிர்தத்தை மலையிறங்கிய பக்தர்கள் சுமந்துபோனார்கள். கடலை மிட்டாய் வாரக்கணக்கில் கெடாது. ஆக, பேர் வாங்கியவை பெரும்பாலும் பயணம் தாங்கும் பண்டங்கள். வந்துபோகிறவர்கள் நிறைந்த ஊர்களில் பிறந்தவை. பெரம்பலூர் நகரத்துக்கு இன்றுவரை ரயில் கிடையாது. விழுப்புரம்–திருச்சி தடத்தில் அரியலூருக்கு நிலையம் உண்டு என்றாலும், 1956 நவம்பரில் நடந்த கொடிய ரயில் விபத்தும் அதையொட்டி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதும்தான் அந்தப் பெயரை நாடறியச் செய்தன. ஆவி பறக்கும் இட்லியையும், கல்லிலிருந்து இறங்கிய பரோட்டாவையும், மத்தியானக் குழம்பையும் பொட்டலம் கட்டி வெளியூருக்கு அனுப்ப முடியாது. பேர் இல்லாதது வழிப்போக்கர் குறைவு என்பதற்குச் சாட்சி. ருசி குறைவு என்பதற்கு அது சாட்சியாகாது.

அப்படியானால் இங்கே உணவகத்தில் சாப்பிடுகிறவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி அரியலூர் மாவட்டத்தில் சுமார் 7.55 லட்சம் பேர். அவர்களில் நூற்றுக்கு 89 பேர் கிராமத்தவர்கள். பெரம்பலூரில் 5.65 லட்சம் பேர். நூற்றுக்கு 83 பேர் கிராமத்தவர்கள். குன்னம், வேப்பந்தட்டை, செந்துறை, உடையார்பாளையம் பக்கமிருந்து காலையில் பஸ் ஏறி நகரத்துக்கு வந்து, வேலை முடிந்து இருட்டுவதற்குள் ஊர் திரும்புகிறவர்கள், கல்லூரி மாணவர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணை இருப்பவர்கள், கலெக்டர் அலுவலகத்துக்கு மனு கொடுக்க வந்தவர்கள், அரியலூர் சிமெண்ட் ஆலைகளுக்கு லோடு ஏற்ற வந்து வரிசையில் காத்திருக்கும் லாரிக்காரர்கள். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலுக்குத் திங்களும் வெள்ளியும் வருகிறவர்களின் கூட்டமும் உண்டு. வெளியே சாப்பிடுவது நகரத்துக்காரர் பொழுதுபோக்கு என்ற நினைப்பும் பழசாகிவிட்டது. 2022–23இல் ஒன்றிய அரசு எடுத்த வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கில், இந்தியக் கிராமத்து வீடுகள் தானியத்துக்குச் செலவழித்தது நூற்றுக்கு 5 ரூபாய்க்கும் சற்றுக் குறைவு. பானங்கள், பதப்படுத்திய உணவு, கடையில் வாங்கிய சமைத்த உணவு எல்லாம் சேர்ந்த கணக்கு 9 ரூபாய் 60 காசுக்கும் மேல். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதும் இந்த வித்தியாசத்துக்கு ஒரு காரணம் என்பது உண்மைதான். ஆனாலும் காலை டீயும் வடையும், மத்தியானம் ஒரு சாப்பாடும், ராத்திரி நாலு பரோட்டா பார்சலும் கிராமத்தானின் அன்றாடத்துக்குள் வந்துவிட்டன என்பதை இந்தக் கணக்கு மறைக்கவில்லை.

இந்த அன்றாடம்தான் ருசிக்குக் காவல். நெடுஞ்சாலையில் பஸ் நிறுத்தும் உணவகத்துக்கு வருகிறவர் இருபது நிமிஷம் இருப்பார். மறுபடி வருவாரா என்பது கடைக்காரருக்குக் கவலையில்லை. தோசை வெந்ததா, விலை நியாயமா என்று கேட்கச் சாப்பிட வந்தவருக்கு நேரமும் இல்லை. ஊருக்குள் பேருந்து நிலையத்தை ஒட்டிய ஒரு மெஸ்ஸில் நிலைமை வேறு. அங்கே இன்று சாப்பிட்டவர் நாளை காலை ஏழரைக்கு மறுபடி வந்து நிற்பார். நேற்றைய சாம்பாரைச் சூடுபண்ணி ஊற்றினால் முதல் கரண்டியிலேயே கண்டுபிடிப்பார். சட்னியில் தேங்காய் குறைந்து பொட்டுக்கடலை ஏறினால் கேட்பார். கேட்காவிட்டால் எதிர்க் கடைக்குப் போய்விடுவார். கடைக்காரருக்கு விளம்பரமும் உதவாது, வெளியூர்ப் புகழும் உதவாது. வருஷத்துக்கு முந்நூறு நாள் ஒரே ஆளைத் திருப்திப்படுத்துவது, ஒரே ஒரு நாள் முந்நூறு பேரை வியக்கவைப்பதைவிடக் கஷ்டமான காரியம். சாப்பாட்டுப் பிரியர் என்ற பட்டத்தை ஊர் ஊராகப் போய்த் தேடித் தின்கிறவருக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே கடையில் உட்கார்ந்து, மாவு நேற்றைவிடப் புளித்திருக்கிறதா என்று சொல்லத் தெரிந்தவருக்கும் அதைக் கொடுக்கத்தான் வேண்டும்.

அந்த இலையில் இந்த மண்ணுக்கென்று என்ன இருக்கிறது என்று கேட்டால், முதல் பதில் சின்ன வெங்காயம். செட்டிகுளம், நாட்டார்மங்கலம், பாடாலூர் என ஆலத்தூர் வட்டாரம் முழுக்க அதுதான் பேச்சு. (செட்டிகுளத்துக் குன்றில் நிற்கும் முருகன் கையில் இருப்பதோ கரும்பு, அங்கே அது தனிப் பெருமை.) விதைக் காயையே நட்டு, எழுபது எண்பது நாளில் பிடுங்கி, தாளோடு காயவைத்து, மரக்கால் நட்டுக் காற்றோட்டமாகக் கட்டிய பட்டறையில் போட்டு விலைக்குக் காத்திருப்பது இங்கத்திய விவசாயியின் வழக்கம். விலை ஏறினால் அது தங்கம். 2019 டிசம்பரில் வெங்காயம் விலை எகிறியபோது, விதைக்கு வைத்திருந்த சின்ன வெங்காயம் மூட்டை மூட்டையாகத் திருடுபோன செய்தி பெரம்பலூர்ப் பக்கமிருந்துதான் வந்தது. விலை விழுந்தால் பிடுங்கும் கூலிகூடத் தேறாது. சமையலில் அதன் இடத்தை வேறு எதுவும் நிரப்பாது. பெரிய வெங்காயத்தைவிட இதில் நீர் குறைவு, காரம் அதிகம். புளிக்கரைசலில் கொதித்தாலும் குலையாமல் முழுசாக நிற்கும். உள்ளே இனிக்கும், வெளியே புளிப்பு ஏறியிருக்கும். சாம்பார், வத்தக்குழம்பு, கருவாட்டுக் குழம்பு மூன்றுக்கும் இதுவே முதுகெலும்பு. நல்லெண்ணெயில் வதக்கி வரமிளகாயும் புளியும் வைத்து அரைத்த காரச்சட்னி இட்லிக்கு வந்தால் சாம்பாரைத் தொடத் தோன்றாது. கம்மங்கூழுக்குப் பச்சையாகக் கடித்துக்கொள்வதும் இதைத்தான்.

இட்லி எங்கும் இருக்கிறது, பரோட்டா எங்கும் இருக்கிறது, இதில் பெரம்பலூர் என்ன, அரியலூர் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது, இன்னும் கூர்மையாகவே கேட்கலாம். பரோட்டாவின் கோதுமை வடக்கேயிருந்து வருகிறது. மாநிலத்தில் மக்காச்சோளத்துக்கு முன்னணியில் நிற்கும் மாவட்டம் பெரம்பலூர். இங்கே எந்தக் கடையிலும் மக்காச்சோளத்தில் ஒரு பலகாரம் கிடையாது. மானாவாரிக் கரிசலில் விளைந்த வரகும் கம்பும் சோளமும் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் இடம் விட்டு ஒதுங்கிவிட்டன. ஆனால் மக்காச்சோளம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் அது மறுபடி இந்த இலைக்கே வந்து சேர்வது தெரியும். மூட்டைகள் பெரும்பாலும் கோழித் தீவனமாக நாமக்கல் பக்கம் போகின்றன, முட்டையாகத் திரும்புகின்றன. ராத்திரிக் கடையில் மாஸ்டர் உடைக்கும் ஆம்லெட், ஆஃப் பாயில், கலக்கி, கொத்துப் பரோட்டாவுக்குள் போகும் முட்டை எல்லாவற்றிலும் இந்தக் கரிசல் மண் இருக்கிறது. சால்னாவில் வதங்கிய வெங்காயம் செட்டிகுளத்திலிருந்து வந்திருந்தால், மைதாவைத் தவிர அந்தத் தட்டில் பெரும்பங்கு உள்ளூர்தான். எந்தப் பலகாரத்தின் பிறப்பிடம் எது என்பதைவிட, அந்தப் பலகாரத்தைத் தன் விளைச்சலால் ஓர் ஊர் எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதே எனக்குப் பெரிய கேள்வியாகப் படுகிறது. வரகு போனது மட்டும் நிஜமான இழப்பு. இப்போது தள்ளுவண்டியில் திரும்பியிருக்கும் கம்மங்கூழ் அதற்கு ஈடாகாது. வரகரிசிச் சோறும் புளிச்சக்கீரைக் கடைசலும் மெஸ் சாப்பாட்டில் ஒரு நாளாவது வர வேண்டும்.

அரியலூர்ப் பக்கம் கதை கொஞ்சம் மாறும். 2001இல் தனி மாவட்டமாகி, அடுத்த ஆண்டே பெரம்பலூரோடு திரும்பச் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடி பிரிந்த மாவட்டம் அது. நிர்வாகம் இப்படிப் பிரிந்து சேர்ந்தாலும் நிலம் முன்பே பிரிந்துதான் இருந்தது. தெற்கே கொள்ளிடக்கரைத் திருமானூர் நெல் பூமி. கிழக்கே ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் செம்மண்ணில் முந்திரியும் மல்லாட்டையும். முந்திரிக்கொட்டை பெரும்பாலும் பண்ருட்டி வியாபாரத்தில் கலந்து அந்தப் பேரில் போய்விடுவதால், விளைத்த ஊர் தன் பண்டத்தையே உரிமையோடு சொல்லிக்கொள்ள முடிவதில்லை. ஏரிகளில் தண்ணீர் நிற்கும் காலத்தில் விரால், கெளுத்தி, கெண்டை வரும். மண்சட்டியில் வைத்த ஏரிமீன் குழம்பை மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றிச் சாப்பிடுவதற்கு நிகராக நான் வேறொன்றைச் சொல்ல மாட்டேன். இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய உணவு நிகழ்வு எது தெரியுமா? ஐப்பசிப் பௌர்ணமியன்று கங்கைகொண்ட சோழபுரத்தில் நடக்கும் அன்னாபிஷேகம். நூறு மூட்டை அரிசியை வடித்து அந்தப் பெரிய லிங்கத்தின் மேல் சாத்துகிறார்கள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பிரசாதம். மசாலா இல்லை, நெய் இல்லை, வெறும் வெள்ளைச் சோறு. பேர் பெற்ற பண்டம் எதுவும் இல்லாத மாவட்டம், நாள்தோறும் தின்னும் சோற்றையே திருவிழாவாக்கி வைத்திருக்கிறது.

இன்னொரு எதிர்ப்பு உடம்பு சம்பந்தப்பட்டது. தினமும் மைதாவும் திரும்பத் திரும்பக் கொதித்த எண்ணெயும் உள்ளே போனால் என்ன ஆகும் என்ற கேள்விக்குச் சமாதானம் சொல்லித் தப்பிக்க முடியாது. பொரித்த எண்ணெயில் கேடான சேர்மங்கள் 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. எண்ணெயிலும் வனஸ்பதியிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் கூடாது என்பது 2022 ஜனவரியிலிருந்து நடப்பில் உள்ளது. 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு தடை செய்தது. ஆனாலும் கொதிக்கும் சாம்பார் இன்னமும் பாலித்தீன் பையில்தான் பல கடைகளில் பார்சலாகிறது. இது கடைக்காரரின் தவறு மட்டும் இல்லை, தூக்குவாளி எடுத்துவர மறந்துவிட்ட நம்முடைய தவறும்தான். விதிகளைக் கடுமையாக நடைமுறைப்படுத்தினால் சின்னக் கடைகள் மூடிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. அதே முகங்களுக்குத் தினமும் சோறு போடுகிறவர் எண்ணெயை மாற்றினால் வாடிக்கை கூடும். மாற்றாதவரை விட்டு விலகும் உரிமையும் அந்த முகங்களுக்கே இருக்கிறது.

இந்த வாதத்தில் என்னால் எளிதில் கடக்க முடியாத இடம் பெண்களுடையது. நாள்தோறும் வருகிறவர் என்று இதுவரை சொன்னதில் பெரும்பாலும் ஆண்களே வந்துவிட்டார்கள். காட்டுவேலைக்குப் போகும் பெண் தூக்குவாளியில் சோறு கொண்டுபோகிறாள்; ராத்திரி பரோட்டாக் கடையின் பெஞ்சில் அவளுக்கு இடமில்லை. அதே சமயம், வீட்டு வாசலில் விடிகாலை இட்லிக் கொப்பரை வைத்து வியாபாரம் செய்பவர்களும், மெஸ்களின் பின்கட்டில் வெங்காயம் உரிப்பவர்களும் பெண்கள்தான். சின்ன வெங்காயச் சாம்பாரின் உண்மையான செலவு அந்த உரிக்கும் நேரத்தில் இருக்கிறது. ஒரு கிலோ உரிக்க ஆகும் நேரத்தில் பெரிய வெங்காயத்தை ஐந்து கிலோ வெட்டித் தள்ளிவிடலாம். அதனால்தான் கடைகள் மகாராஷ்டிரத்திலிருந்து வரும் பெரிய வெங்காயத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறுகின்றன. அதைச் சாம்பாரில் நறுக்கிப் போட்டுக் கணக்கை முடிக்கின்றன. உரிக்கிறவருக்கு நல்ல கூலியும், பட்டறையிலிருந்து நேராக வாங்கினால் விவசாயிக்கு நல்ல விலையும் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு ஐந்து ரூபாய் கூடக் கேட்கட்டும். தினமும் வருகிறவர் ருசிக்கு அந்த ஐந்து ரூபாயைக் கொடுப்பார் என்றே நம்புகிறேன்.

பெரம்பலூரிலோ அரியலூரிலோ இலை முன்னால் உட்காரும்போது, சாம்பாரில் போட்டிருப்பது சின்ன வெங்காயமா, பெரிய வெங்காயமா என்று பரிமாறுகிறவரிடம் கேளுங்கள். சின்ன வெங்காயம் என்றால் நாளைக்கும் அங்கேயே போங்கள்.