தொட்டால் ‘சுள்’: டெல்லி குளிரில் கதவுக் கைப்பிடி ஏன் ஷாக் அடிக்கிறது?

நம்மூரிலிருந்து வேலைக்காக டெல்லி, நொய்டா, குருகிராம் பக்கம் போனவர்களுக்கு முதல் குளிர்காலத்திலேயே இந்த அனுபவம் கிடைத்துவிடும். ஸ்வெட்டரைக் கழற்றினால் படபடவென்று சத்தம். விளக்கு அணைந்திருந்தால் பொறிகூடத் தெரியும். கதவைத் தொட்டால் ‘சுள்’, நண்பருக்குக் கை கொடுத்தால் ‘சுள்’. சென்னையில் இத்தனை வருஷம் இருந்தோமே, இப்படி நடந்ததே இல்லையே என்று தோன்றும். அதற்குக் காரணம், அங்கே நாம் திட்டிக்கொண்டே இருந்த புழுக்கம்தான்.

இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது எலெக்ட்ரான்கள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். காற்றில் ஈரம் இருந்தால் துணி, தோல், தரை எல்லாவற்றின் மேலும் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் இருக்கும். சேரும் மின்னூட்டம் அதன் வழியாகச் சத்தமில்லாமல் கசிந்துவிடும். காற்று காய்ந்துவிட்டால் அந்த வழி அடைபடும். மின்னூட்டம் உடம்பிலேயே தங்கி, உலோகத்தைத் தொடும் நொடியில் மொத்தமாகப் பாயும். அதைத்தான் ஸ்டேட்டிக் ஷாக் என்கிறோம்.

அந்த ‘சுள்’ நமக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, அப்போ நாம எப்படித் தப்பிக்கிறோம்? உடம்பில் சேரும் மின்னூட்டத்தின் அளவு மிகமிகக் குறைவு. கண் இமைக்கும் நேரத்தில் ஒரு துளிகூட இருக்காது, அதற்குள் எல்லாம் தீர்ந்துவிடும்.

வெளியே பனி, உள்ளே வறட்சி

“காலையில் எதிரே வர்ற வண்டியே தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். காற்று எப்படிங்க காய்ந்திருக்கும்?” நியாயமான கேள்வி. 6 டிகிரி குளிரில் காற்றின் ஈரப்பதம் 100 சதவீதமாகவே இருந்தாலும், ஒரு கன மீட்டரில் இருப்பது சுமார் 7 கிராம் நீராவிதான். அதே காற்றை ஹீட்டர் போட்டு 24 டிகிரிக்குக் கொண்டுபோனால், அது கிட்டத்தட்ட 22 கிராம் வரை தாங்கும். இருப்பதோ அதே 7 கிராம். ஆக, அறையின் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது.

ஆயில் ஹீட்டர் காற்றைக் காயவைக்காது என்று கடையில் சொல்வார்கள். முகத்தில் அனல் அடிக்காது என்பது உண்மை. ஆனால் எந்த மின்சார ஹீட்டரானாலும், அறை எவ்வளவு சூடாகிறதோ அவ்வளவுக்கு ஈரப்பதம் இறங்கத்தான் செய்யும். 24 டிகிரிக்குப் பதில் 19 டிகிரியோடு நிறுத்திக்கொள்வதே பாதி வைத்தியம். கரண்ட் பில்லும் குறையும்.

மீதிக்குத் தண்ணீர். 10-க்கு 12 அடி அறையில் ஈரப்பதத்தை 30-லிருந்து 45 சதவீதமாக்க, கணக்குப்படி 100 மில்லி சொச்சம் போதும், ஒரு காபி டம்ளர் அளவு. ஆனால் கதவிடுக்கு வழியாகக் காற்று மாறிக்கொண்டே இருப்பதால் தொடர்ந்து ஆவியாக வேண்டும். துவைத்த துணியை இரவில் அறைக்குள் கொடியில் காயப்போட்டாலே போதும். ஹீட்டர் மேலே மட்டும் போடாதீங்க, தீப்பிடிக்கும். ஈரப்பதமானி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொண்டால் நல்லது. 60-ஐத் தாண்டினால் சுவரில் பூஞ்சை வரும்.

அடுத்து உடை. பாலியஸ்டர் ஃப்ளீஸ் ஜாக்கெட்டுக்குள் கம்பளி ஸ்வெட்டர், காலில் நைலான் சாக்ஸ். ஸ்டேட்டிக்குக்கு இதைவிட நல்ல விருந்து இல்லை. ‘மிங்க்’ போர்வைகளும் பெரும்பாலும் பாலியஸ்டர்தான். உள்ளே பருத்தி பனியன், பருத்தி சாக்ஸ், போர்வைக்குப் பருத்தி உறை என்று மாற்றினால் வித்தியாசம் தெரியும். துணி அலசும்போது கடைசித் தண்ணீரில் ஃபேப்ரிக் கண்டிஷனர் சேர்க்கலாம். தோலுக்கு கிளிசரின் கலந்த மாய்ஸ்சரைசர் உதவும். (தேங்காய் எண்ணெய்தான் வேண்டும் என்றால், டிசம்பரில் அதை ஸ்பூனால் வெட்டித்தான் எடுக்கணும்.)

இவ்வளவு செய்தும் ‘சுள்’ வந்தால், வலியில்லாமல் இறக்கிவிடலாம். கைப்பிடியைத் தொடும் முன் வீட்டுச் சாவியை இறுக்கிப் பிடித்து அதன் நுனியால் தொடுங்கள். பொறி சாவிக்கும் கைப்பிடிக்கும் நடுவே முடிந்துவிடும், விரல் நுனிக்கு வலிக்காது. காரிலிருந்து இறங்கும்போது, சீட்டை விட்டு எழுவதற்கு முன்பே கதவின் உலோகப் பகுதியைப் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். கம்ப்யூட்டரைத் திறந்து ரேம் மாற்றுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: நமக்கு உறைக்காத 100 வோல்ட்கூடச் சில சிப்களைக் கெடுத்துவிடும்.

கீசர் அடிச்சா அது ஸ்டேட்டிக் இல்லை

குளிர்காலத்தில் எல்லா ஷாக்கையும் ‘ஸ்டேட்டிக்தான்’ என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஸ்டேட்டிக் ஒரே ஒரு ‘சுள்’ளோடு முடியும், உடனே மறுபடி தொட்டால் ஒன்றும் இருக்காது. ஈரக் கையில் அது வருவதும் அபூர்வம். ஆனால் கீசர் குழாயையோ வாஷிங் மெஷினையோ தொடும்போதெல்லாம் விர்ரென்று இழுத்தால், அதுவும் கை ஈரமாக இருக்கும்போது கூடினால், அது மின்கசிவு. உயிரையே எடுக்கும்.

சோதிக்கிறேன் என்று மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். மெயின் போர்டில் அந்த இணைப்பை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அந்த பாயிண்டுக்கு எர்த் வயர் உண்மையிலேயே போகிறதா, போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பழைய வாடகை வீடுகளில் மூணு ஓட்டை சாக்கெட் இருக்கும், பின்னால் எர்த் இருக்காது. சரியாகும்வரை வெந்நீர் அடுப்பில்தான்.