அகத்தியர் அருவியும் கல்யாண தீர்த்தமும்

பண்டைத் துறைமுகமாகிய கொற்கைக்கு அண்மையில், தாமிரபரணிக் கரையில் அமைந்துள்ளது சேர்ந்தபூமங்கலம். அகத்தியர் அருளியபடி உரோமச முனிவர் இவ்வாற்றில் ஒன்பது மலர்களை மிதக்கவிட்டார் என்றும், அவை கரைசேர்ந்த இடங்களே நவகைலாயத் தலங்கள் என்றும் கூறுவர். இறுதி மலர் சேர்ந்த ஊர் இது. முதல் மலர் சேர்ந்தது பொதிகை அடிவாரத்துப் பாபநாசம்.

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் வழியாகச் சுமார் 50 கி.மீ. தொலைவில் உள்ள பாபநாசத்தில், உலகம்மை உடனுறை பாபநாசநாதர் அருள்பாலிக்கின்றார். இத்திருக்கோயிலுக்கு மேலே, மலைச்சாலையில் சிறிது தொலைவில் அகத்தியர் அருவி உள்ளது. 1,868 மீட்டர் உயரமுள்ள பொதிகைச் சிகரம் ஏறுதல் எல்லார்க்கும் இயல்வதன்று. இவ்வருவிக்கோ வாகனத்தில் சென்று, சிறிது தூரம் நடந்தாற் போதும். முதியோரும் குழந்தைகளும் சென்று வரலாம். தாமிரபரணி இருபருவ மழையாலும் நீர் பெறுவதால், குற்றாலம் வறண்டிருக்கும் நாள்களிலும் இங்கு நீர் விழக் காணலாம்.

அருவியின் அருகிலிருந்து படிகளேறிச் சென்றால் கல்யாண தீர்த்தம். அம்மையப்பரின் திருமணக் கோலத்தை அகத்தியர் கண்டு மகிழ்ந்த இடம் என்பது மரபு. தீர்த்தம் ஆழமானது; கரையில் நின்று வணங்குதலே நன்று. வழியில் குரங்குகள் மிகுதி. கையில் தின்பண்டம் இருப்பின் அது நமக்கில்லை!

இப்பகுதி 1988-இல் ஏற்படுத்தப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்தே செல்லுதல் வேண்டும். சோப்பு, சீயக்காய், எண்ணெய், நெகிழிப் பைகள் ஆகியவற்றைக் கொண்டு செல்லற்க. வெள்ளம் பெருகும் நாள்களில் நீராடத் தடை விதிக்கப்படும்; அந்நாளில் அருவியைக் கண்ணால் தரிசித்துத் திரும்புவதே முறை.

பாபநாசத்தில் நீராடுவோர் பலர், உடுத்த ஆடையை ஆற்றிலேயே விட்டுவிடுகின்றனர். பாவம் அதனோடு போகும் என்பது அவர்தம் எண்ணம். ஆடை எங்கும் போவதில்லை. பாறை இடுக்கிலும் படித்துறையிலும் சிக்கிக் கிடந்து, நீராட வருவோர் காலைச் சுற்றுகின்றது. செயற்கை இழைத் துணியாயின் எளிதில் மக்குவதுமில்லை. இந்நீரே திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டத்து ஊர்கள் பலவற்றுக்கும் குடிநீர். உரோமசர் ஆற்றில் விட்டது மலர், துணியன்று. நனைந்த ஆடையைப் பிழிந்து, பையிலிட்டு வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம்.

காலையிலேயே அருவியில் நீராடிக் கீழிறங்கினால், பாபநாசநாதரை உச்சிக்கு முன் தரிசிக்கலாம். கோயில் படித்துறையில் மீன்களுக்குப் பொரி இடுதல் வழக்கம். நவகைலாயம் முழுவதும் வழிபட விரும்பும் அன்பர்கள் இங்கிருந்து தொடங்கி, ஆற்றின் போக்கிலேயே சேர்ந்தபூமங்கலம் வரை செல்வர்.