வட்டியில் பங்கு உண்டு, முன்பணத்தில் இல்லை: அந்தமானில் அரசு வீட்டுக்கடன்

கையில் பெரிய தொகை இல்லாவிட்டாலும் அரசு உதவியோடு வீடு வாங்கிவிடலாம் என்ற பேச்சு போர்ட் பிளேரில் பலமாக இருக்கிறது. (2024 செப்டம்பரிலிருந்து நகரத்தின் பெயர் ஸ்ரீ விஜயபுரம்.) டெலானிப்பூரிலும் அபெர்தீன் பஜாரிலும் வாடகை கொடுத்தே பாதிச் சம்பளத்தைக் கரைக்கும் குடும்பங்கள் இதை நம்பித்தான் வங்கி வாசலுக்குப் போகின்றன. பேச்சில் பாதி உண்மை.

2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் இருப்பது பிரதமர் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் 2.0. அதன் ஒரு பிரிவுதான் வட்டி மானியம். ஆண்டு வருமானம் 9 லட்சம் ரூபாய்க்குள் உள்ள குடும்பம், 35 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு, 25 லட்சம் வரை கடன் வாங்கினால் முதல் 8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டியை 12 ஆண்டுக் கணக்கில் அரசு ஏற்கிறது. இப்படிக் கிடைக்கக்கூடிய அதிகபட்சத் தொகை 1.80 லட்சம். குடும்பத்தில் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் உறுதியான (பக்கா) வீடு இருக்கக் கூடாது. கடந்த 20 ஆண்டுகளில் வேறு அரசு வீட்டுத் திட்டத்தில் பயன் பெற்றிருக்கவும் கூடாது.

இந்த 1.80 லட்சம் வீடு வாங்கும் நாளில் கைக்கு வராது. ஆண்டுக்கு ஒரு தவணையாக ஐந்து தவணைகளில் நேராகக் கடன் கணக்கில் வரவு வைக்கப்படும். 2022 மார்ச்சில் முடிந்துபோன முந்தைய மானியத் திட்டத்தில் 2.67 லட்சம் வரை ஒரே தடவையாக அசலில் கழித்தார்கள். பழைய முறையே கடன்காரருக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் முன்பணத்துக்கு அப்போதும் உதவி இல்லை, இப்போதும் இல்லை.

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரைதான் வங்கி தரலாம். மீதி 10 சதவீதம் வாங்குபவருடைய பொறுப்பு. 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளையும் மதிப்பில் சேர்க்க மாட்டார்கள். பேசிய விலை 24 லட்சம், வங்கி மதிப்பீட்டாளர் போட்டது 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகம் தரக்கூடியது 18 லட்சம். பாக்கி 6 லட்சமும் பத்திரச் செலவும் சொந்தக் காசு. பத்து சதவீதம் என்று நினைத்துப் போனவர் நான்கில் ஒரு பங்கு வைத்திருந்தாக வேண்டும். பேச்சுவார்த்தை முடிந்து அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் பலருக்கு இது தெரியவருகிறது.

அமெரிக்காவில் 1934இல் தொடங்கிய கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் வேறு வழியில் போனது. அது கடன் கொடுப்பதில்லை, கடனுக்குக் காப்பீடு தருகிறது. கடன்காரர் கட்டாமல் போனால் வங்கியின் இழப்பை அது ஏற்கும். அந்தத் தைரியத்தில் வங்கி 3.5 சதவீத முன்பணத்துக்கும் கடன் தருகிறது. காப்பீட்டுப் பிரீமியத்தைக் கட்டுபவர் கடன் வாங்கியவர்தான். இந்தியாவிலும் இதற்கு உறவான ஒரு ஏற்பாடு 2012 முதல் இருக்கிறது: குறைந்த வருமானக் குடும்பங்களின் வீட்டுக்கடனுக்கான உத்தரவாத நிதி. 1,000 கோடியாக இருந்த அதன் மூலதனத்தை 3,000 கோடியாக உயர்த்த 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. வேறு பிணையோ ஜாமீனோ கேட்காமல் வங்கி ஏழைக்குக் கடன் தருவதற்கான உத்தரவாதம் அது. முன்பணத்தை அது குறைப்பதில்லை.

தீவுகளில் முன்பணத்துக்கும் முன்னால் நிற்பது நிலத்தின் காகிதம். 8,249 சதுர கிலோமீட்டரில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. மிச்சமுள்ள வருவாய் நிலத்துக்கு 1966ஆம் ஆண்டு நில வருவாய், நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். தமிழ்நாட்டில் பட்டாவைக் கேட்பதுபோல இங்கே வங்கி முதலில் கேட்பது ஃபார்ம்-எஃப். யார் பெயரில், எவ்வகை உரிமையில், விவசாய நிலமா வீட்டுமனையா என்பதை அதில் பார்க்கிறார்கள். விவசாய நிலம் என்றால் டைவர்ஷன் (நிலப் பயன்பாட்டு மாற்றம்) உத்தரவு வாங்காமல் வீட்டுக்கடன் நகராது. தாத்தா பெயரிலேயே கிடக்கும் நிலத்தில் நான்கு வாரிசுகள் தனித்தனியே வீடு கட்டி வாழ்வது இங்கே சாதாரணம். அவர்களில் ஒருவராலும் தனியாக அடமானம் வைக்க முடியாது.

1978க்குப் பிறகு அரசு நிலத்தில் குடியேறியவர்களின் நிலை இன்னும் மோசம். அதற்கு முன் வந்தவர்களுக்கு ஓரளவு நிலம் முறைப்படுத்தப்பட்டது. பின்னால் வந்தவர்கள் ஆக்கிரமிப்பாளர் என்ற பெயரோடே தலைமுறை கடத்திவிட்டார்கள். பிழைப்பு தேடிக் கப்பலேறி வந்த தமிழ்க் குடும்பங்களும் அவர்களில் உண்டு. மின் இணைப்பும் வாக்காளர் அட்டையும் உண்டு, அடமானம் வைக்க மண் இல்லை. நிகோபாரில் கதை வேறு. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நிலம் வெளியாருக்குப் போக முடியாது. நிகோபாரிகளிடம் அது துஹெத் என்னும் கூட்டுக்குடும்பத்தின் சொத்து. அந்தப் பாதுகாப்பு அவசியமானது, கைவைக்கக் கூடாதது. அங்கே வீட்டுக்கு அரசு நேரடியாகத்தான் செலவு செய்ய வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு அப்படித்தான் கட்டிக் கொடுத்தது.

சொந்த மனை இருந்து கட்டப் போகிறவருக்கும் சிக்கல் உண்டு. கடற்கரை மணல் எடுப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி 2002இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சிமெண்டும் கம்பியும் மேனிலேண்டிலிருந்து கப்பலில் வர வேண்டும். நிலநடுக்க அபாயம் மிக அதிகமான பகுதி என்பதால் கம்பியில் சிக்கனம் பார்க்கவும் கூடாது. வங்கியோ அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் விடும். கப்பல் தாமதமானால் வேலை நிற்கும். வேலை நின்றால் அடுத்த தவணையும் நிற்கும், வீட்டு வாடகை மட்டும் நிற்காது.

கடனைவிடப் பலருக்குப் பொருத்தமான இன்னொரு பிரிவும் அதே நகர்ப்புற வீட்டுவசதித் திட்டத்தில் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருந்து, சொந்த மனையும் இருந்தால், வீடு கட்ட மத்திய அரசு மானியமே தருகிறது. பெரும்பாலான மாநிலங்களுக்கு மத்தியப் பங்கு 1.50 லட்சம். அந்தமான் போன்ற சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களுக்கு 2.50 லட்சம். ஆனால் இது நகர்ப்புறத் திட்டம். தீவுகளில் நகராட்சி ஒன்றே ஒன்றுதான். டிக்லிபூரிலோ ஹட் பேயிலோ இருப்பவர் பெரும்பாலும் ஊரகத் திட்டத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். அரசு ஊழியராக இருந்தால் வங்கிக்குப் போகுமுன் துறையின் வீடு கட்டும் முன்பணக் கடனை விசாரியுங்கள். 2017 விதிப்படி 34 மாத அடிப்படைச் சம்பளம், அதிகபட்சம் 25 லட்சம் வரை கிடைக்கும்.

நிர்வாகம் உடனே செய்ய வேண்டியது, வாரிசுப் பெயர் மாற்றத்தையும் டைவர்ஷனையும் கெடு வைத்து முடித்துத் தருவது. 1978க்குப் பின் வந்தவர்களின் நிலப் பிரச்சினையை இன்னொரு தேர்தலுக்குத் தள்ளாமல் தீர்ப்பது. மத்திய அரசு, உத்தரவாத நிதியை முன்பணச் சுமையைக் குறைக்கவும் பயன்படுத்தலாம். வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று: ஃபார்ம்-எஃப் நகலைக் கையில் வாங்கி, வங்கியின் மதிப்பீடு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளும்வரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.